ஏரியில் ஆள் நடமாட்டம்

கார்த்திகை பிறந்தாலும் மும்பையில் குளிர் என்பது பேச்சளவில்தான். மின்விசிறியை ஒரு புள்ளி குறைத்து வைப்பதற்கு மேல் அதற்கு மரியாதை கிடையாது. அப்படியொரு மாலையில் காலா கோடாவில் இருக்கும் ஜஹாங்கீர் கலைக்கூடத்துக்குப் போயிருந்தோம். 1952இல் திறந்த கட்டடம். கீழே ஓவியங்கள், மாடியில் பெரும்பாலும் புகைப்படங்கள். மாடியில் ஒரு படத்தின் முன்னால் மட்டும் கூட்டம் நின்று நின்று நகர்ந்தது. கறுப்பு வெள்ளைப் படம். கீழ்ப்பாதி முழுக்க ஏரி, ஒரு சலனமும் இல்லாமல். அதற்கு மேல் பனி போர்த்த மலை. அதே மலை தண்ணீருக்குள் தலைகீழாக. இடது ஓரத்தில் இலையுதிர்ந்த மரம் ஒன்று. ‘குளிர்கால ஏரி, காஷ்மீர்’ என்று அடியில் பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள். எந்த ஏரி என்று இல்லை. விலையைக் கேட்டால் சொல்வார்களாம். கேட்டோம். எங்கள் சுனாபட்டியில் ஒற்றை அறைக்கு வாங்கும் டெபாசிட்டைவிட அதிகம்.

கூட வந்தவர் எங்கள் பேட்டை அண்ணாச்சி. தாராவி அறுபதடி ரோட்டில் நெடுங்காலம் போட்டோ ஸ்டுடியோ நடத்திவிட்டு, இப்போது சுனாபட்டி ஸ்டேஷன் பக்கம் மகன் வீட்டில் இருக்கிறார். படத்துக்கு ஒரு சாண் தூரத்தில் மூக்கை வைத்துப் பார்த்தார்.

“பனியை வெள்ளையாவே எடுத்திருக்கான், பாத்தீரா? லேசுப்பட்ட காரியம் இல்ல. மீட்டர் எதைப் பாத்தாலும் நடுத்தரச் சாம்பல்னுதான் நினைக்கும். பனியைக் காட்டினா அதையும் சாம்பலாக்கிக் குடுத்திரும். ஒண்ணரை ஸ்டாப், ரெண்டு ஸ்டாப் கூடத் தொறக்கணும். கூடிப்போச்சுன்னா வெறுந்தாள். மாப்பிள்ளை பட்டு வேட்டிக்கும் இதே கணக்குத்தான் வேய்.”

அண்ணாச்சியின் ஸ்டுடியோவிலும் ஓர் ஏரி இருந்தது. சுவரை அடைத்துத் தொங்கும் ஸ்கிரீன். நீல மலை, உச்சியில் வெள்ளை, அடியில் ஏரி, ஏரியில் ரெண்டு அன்னம். சினிமா பேனர் எழுதும் ஆளைப் பிடித்து வரையச் சொன்னது. அவருக்கு மலையையும் தெரியாது, பனியையும் தெரியாது. தீப்பெட்டி ஆபீஸ் காலண்டர் ஒன்றைப் பார்த்து வரைந்தவர், கரை வெறிச்சென்று இருக்கிறதே என்று தானாக ஒரு தென்னை மரத்தையும் போட்டுவிட்டார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் ஷாப்புக்கும் மில்லுக்கும் வந்து தாராவியில் குடியேறியவர்களின் குடும்பங்கள் அந்தப் பனிமலைக்கும் தென்னைக்கும் நடுவே உட்கார்ந்து படம் எடுத்து ஊருக்கு அனுப்பின. கைக்குழந்தை, கல்யாணப் பெண், துபாய்க்குப் போகிற தம்பி, எல்லாருக்கும் அதே ஏரிதான். அண்ணாச்சிக்கு அந்த ஸ்கிரீனைப் பற்றி இப்போது கொஞ்சம் வெட்கம். எனக்கு அப்படி இல்லை. அவர் ஏரி ஆள் உட்காருவதற்கென்றே வரைந்த ஏரி. சுவரில் மாட்டிய ஏரியில் ஆள் உட்கார இடமில்லை. இந்த வித்தியாசம் மனசில் ஒட்டிக்கொண்டது. தை மாதம் காஷ்மீருக்குப் போக வாய்த்தபோது, அந்த ஏரி எது என்று பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன்.

தமிழர்களுக்கு ஏரியும் மலையும் சேர்ந்து நிற்கும் காட்சி ஊட்டியில்தான் பழக்கமானது. அந்த ஏரியே ஜான் சல்லிவன் 1823க்கும் 1825க்கும் இடையில் வெட்டுவித்தது. கொடைக்கானல் ஏரி 1863இல் லெவிஞ்ச் என்ற ஆட்சியர் கரை கட்டித் தேக்கியது. இரண்டும் மனிதன் போட்ட ஏரிகள். காஷ்மீர் ஏரியை நம் ஜனங்கள் பார்த்தது 1961இல், ஸ்ரீதரின் ‘தேன் நிலவு’ படத்தில். அதுவும் கறுப்பு வெள்ளை. வின்சென்ட்டின் ஒளிப்பதிவில் ஜெமினி கணேசனும் வைஜெயந்திமாலாவும் தால் ஏரியில் போனார்கள். மலையை யார் பார்த்தார்கள்? பார்த்தது அவர்களைத்தான்.

பானிஹாலுக்கும் காஜிகுண்டுக்கும் நடுவே பீர் பஞ்சால் மலையைக் குடைந்து ரயில் போகிறது. பதினொரு கிலோமீட்டர் சுரங்கம், 2013இல் திறந்தது. உள்ளே நுழையும்போது இந்தப் பக்கம் காய்ந்த புல்லும் பாறையும் சாதாரண வெயிலும். வெளியே வந்தால் வெள்ளை. வயல், கூரை, வைக்கோல் போர், மின்கம்பத்தின் தலை, எல்லாம் வெள்ளை. பெட்டியில் இருந்த ராஜஸ்தான் குடும்பம் ஒன்று சத்தம் போட்டுக் கைதட்டியது. எதிர் சீட்டுக் காஷ்மீரிப் பெரியவர் சன்னலைப் பார்க்கக்கூட இல்லை. பிரானின் இரண்டு கைகளையும் உள்ளே இழுத்துக்கொண்டு வயிற்றருகே காங்கிரியை அணைத்தபடி உட்கார்ந்திருந்தார். பிரான் முழங்காலுக்குக் கீழே தொங்கும் தொளதொள அங்கி. காங்கிரி, பிரம்பு போல முடைந்த கூட்டுக்குள் வைத்த மண்சட்டி. அதில் கரித் தணல். நெருப்பை மடியில் கட்டிக்கொள்ளாதே என்பது நம் ஊர்ப் பேச்சு. இங்கே குளிர்காலம் முழுக்க ஒரு ஜனக்கூட்டமே நெருப்பை மடியில் கட்டிக்கொண்டுதான் நடமாடுகிறது.

நான் போனது சில்லை கலான் நடுவில். டிசம்பர் 21இல் தொடங்கி ஜனவரி கடைசி வரை நாற்பது நாள் கடுங்குளிர். அதற்குப் பின் இருபது நாள் சில்லை குர்த், பத்து நாள் சில்லை பச்சா. பெரியது, சிறியது, குட்டி என்று குளிரையும் குடும்பமாகவே வைத்திருக்கிறார்கள். 2021 ஜனவரி கடைசியில் ஸ்ரீநகரில் பூஜ்யத்துக்குக் கீழே 8.8 டிகிரி வரை இறங்கியது. நான் இருந்தபோது அவ்வளவு இல்லை என்றாலும் விடிகாலையில் குழாய்க்குள் தண்ணீர் கல்லாகிவிட்டது. தங்கியிருந்த வீட்டுப் பையன் செய்தித்தாளைச் சுருட்டிக் கொளுத்திக் குழாயின் கழுத்தில் காட்டினான். உள்ளே முதலில் ஓர் இருமல். பிறகு சொட்டு. பிறகு திடுமென்று தண்ணீர். கூரை விளிம்பில் முழ நீளத்துக்கு உறைந்து தொங்கும் பனிக் குச்சிகளைத் தெருப் பிள்ளைகள் உடைத்து வாளாக்கிச் சண்டை போட்டார்கள்.

சமையலறையில் கயிற்றில் கத்தரியும் சுரையும் தக்காளியும் வளையம் வளையமாகக் காய்ந்து தொங்கின. கோடையிலேயே நறுக்கி உலர்த்தி வைத்துக்கொள்வது. சாலை அடைத்துக்கொள்ளும் மாதங்களுக்கு. எங்கள் வீட்டு மாடியில் ஐப்பசி மழைக்கு முன் அம்மா போட்டு எடுக்கிற வற்றலேதான். வீட்டுக்கார அம்மாவிடம் அதைச் சொன்னேன். “அங்கே பனி விழாதே, எதற்குக் காயவைக்கிறீர்கள்?” என்று கேட்டார். நியாயமான கேள்வி.

தால் ஏரியை விடியும் முன்பே பார்க்க வேண்டும் என்று எல்லாரும் சொல்வார்கள். அவர்கள் சொல்வது அழகுக்காக. உண்மையில் அந்த நேரத்தில் அங்கே நடப்பது வியாபாரம். மிதக்கும் தோட்டங்களில் விளைந்த கீரை, முள்ளங்கி, டர்னிப் ஏறிய படகுகள் ஏரியின் உட்பகுதியில் ஓரிடத்தில் வந்து ஒன்றோடொன்று முட்டி நிற்கும். ஆண்கள் படகின் முனையில் குந்தி உட்கார்ந்து பேரம் பேசுவார்கள். துடுப்பின் நுனி தாமரை மொட்டுப் போல, இதயச் சின்னம் போல அகன்று கூர்ந்திருக்கும். அதைத் தண்ணீரில் போடும் முன் கரையோரம் படிந்த கண்ணாடிப் பனியை அதாலேயே ஓங்கித் தட்டி உடைக்கிறார்கள். உடைந்த பனிச்சில்லுகள் படகின் பக்கத்தில் உரசும் சத்தம், பேரத்தின் சத்தம், இருமல், பீடி, சமோவாரில் கொதிக்கும் உப்புத் தேநீர். வெளிச்சம் வந்து மலை தெரிகிற நேரத்தில் சந்தை கலைந்துவிடும். அதற்குப் பிறகுதான் சுற்றுலாக்காரர்களின் ஷிகாராக்கள் கிளம்பும். அப்போது எடுக்கிற படங்களில் ஏரி காலியாக இருக்கும். சும்மா சொல்லக்கூடாது, அழகாகவும் இருக்கும்.

ஹரி பர்பத் கோட்டை மேட்டின் சரிவில் ஒரு மதியம் ஏறினேன். 1948இல் ஹென்றி கார்த்தியே பிரெஸ்ஸோன் எடுத்த புகழ்பெற்ற படம் இங்கேதான் பிறந்தது. சரிவில் சில பெண்கள், முதுகு நமக்கு. ஒருத்தி உள்ளங்கைகளை முன்னால் ஏந்தியிருப்பாள். எதிரே பள்ளத்தாக்கும் மேகமும் மலைத் தொடரும். மலையை மறைத்துக்கொண்டு ஆட்கள் நிற்கும் அந்தப் படத்திலிருந்து பெண்களை எடுத்துவிட்டால் மிஞ்சுவது சுமாரான ஒரு காலண்டர். உலகம் சிதறிக்கொண்டிருக்கும்போது ஆன்செல் ஆடம்ஸ் போன்றவர்கள் பாறையைப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்களே என்று கார்த்தியே பிரெஸ்ஸோன் அலுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். ஆடம்ஸின் கைத்திறனில் குறை சொல்ல எதுவுமில்லை. பனியை வெள்ளையாக நிறுத்தும் வித்தையை ஒரு முறையாகவே வகுத்து உலகத்துக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர். ஆனால் அவர் படமெடுத்த யோசெமிட்டி பள்ளத்தாக்கில் பூர்வகுடிகளின் ஊர் ஒன்று இருந்தது. கடைசி வீடுகளை 1969இல் இடித்தார்கள். அவருடைய புகழ்பெற்ற படங்களில் அந்த ஊர் ஏறவில்லை. அவர் வேண்டுமென்றே மறைத்தார் என்பதற்கில்லை. இயற்கைக் காட்சி என்று ஒரு சட்டம் போட்டாலே ஆள் தானாக வெளியே நின்றுவிடுகிறான்.

இந்தச் சட்டத்தை இமயத்துக்குச் சுமந்துவந்தவர்களில் முக்கியமானவர் சாமுவேல் போர்ன். சுமந்தது அவர் இல்லை, அதைத்தான் சொல்ல வருகிறேன். இங்கிலாந்தில் வங்கி வேலையை விட்டுவிட்டு 1863இல் இந்தியா வந்தார். அப்போதைய முறையில் கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசி, வெள்ளி நைட்ரேட்டில் முக்கி, ஈரம் காயும் முன் படம் எடுத்து, அங்கேயே இருட்டுக் கூடாரத்தில் கழுவ வேண்டும். அதாவது ஆய்வகத்தையே மலைமேல் ஏற்ற வேண்டும். முதல் பயணத்தில் சுமார் முப்பது கூலிகள். 1864இல் காஷ்மீர்; ஒன்பது மாதம் சுற்றினார். 1866இல் கங்கோத்ரிப் பக்கம் போன கடைசிப் பயணத்தில் சுமார் எண்பது பேர். மணிரங் கணவாயில் 18,600 அடி உயரத்தில் அவர் எடுத்த படங்களின் உயரத்தை அதற்குப் பிறகு இருபது வருஷம் யாரும் தாண்டவில்லை. லண்டன் பத்திரிகைக்கு அவரே எழுதிய பயணக் கட்டுரைகளில், சுமை தூக்காமல் ஓடி ஒளிந்த கூலிகளைக் கம்பால் அடித்து இழுத்துவந்த கதையை எந்தக் கூச்சமும் இல்லாமல் சொல்கிறார். இன்னொரு புலம்பலும் உண்டு. காட்சிக்கு உயிர் வரட்டும் என்று உள்ளூர்க்காரனை நிறுத்தினால், கைகளைத் தொங்கப்போட்டு, மோவாயைத் தூக்கிக்கொண்டு, வெட்டுக்குக் கழுத்தைக் கொடுத்துக் காத்திருப்பவன் மாதிரி விறைத்து நிற்கிறானாம். கம்போடு வந்த துரை கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு அசையாதே என்றால் வேறெப்படி நிற்பான்?

சிம்லா மலைகளில் தண்ணீர் இல்லை என்று குறைபட்ட போர்னுக்கு காஷ்மீர் பிடித்துப்போனது. ஏரிக் கால்வாய்கள், பாப்லர் மர வரிசைகள், ஜீலம் கரை வீடுகள் என்று தகடு தகடாக எடுத்தார். பிறகு உதகைக்கும் வந்து நம் ஏரியையும் எடுத்தார். 1870இல் ஊருக்குத் திரும்பிப் பஞ்சாலை வியாபாரத்தில் இறங்கிவிட்டார். கூட்டாளியோடு சேர்ந்து வைத்த ‘போர்ன் அண்ட் ஷெப்பர்ட்’ கல்கத்தாவில் 2016 வரை கடை திறந்திருந்தது.

ஸ்ரீநகர் பண்ட் சாலையில் ஜீலம் கரையோரம் நடக்கும்போது இன்னொரு ஸ்டுடியோவின் கதை வரும். மஹட்டா. 1915இல் அமர்நாத், ராம்சந்த் என்ற சகோதரர்கள் ஒரு படகு வீட்டில் தொடங்கியது. வெளியூர்க்காரர்கள் காஷ்மீரில் நிலம் வாங்க மகாராஜா அனுமதிக்கவில்லை என்பதால் கோடைக்கு வந்த வெள்ளைக்காரர்கள் படகிலேயே வீடு கட்டிக்கொண்டார்கள். வீடு தண்ணீரில் இருந்ததால் ஸ்டுடியோவும் தண்ணீருக்குப் போனது. அவர்கள் எடுத்த பழைய படங்களைப் பார்த்தால் இரண்டு வகையும் கலந்தே கிடக்கின்றன: ஆளில்லாத மலை ஒன்று, அதே மலை முன்னால் விருந்து சாப்பிடும் துரைசானிகள் ஒன்று. பிழைப்புக்குப் படம் எடுக்கிறவன் ஆளைத் தள்ளிவைக்க முடியாது. நம் அண்ணாச்சியின் ஜாதி.

ஸ்ரீநகரிலிருந்து வடக்கே முப்பது கிலோமீட்டர் போனால் மானஸ்பல். காஷ்மீரின் ஆழமான ஏரி என்று இதைத்தான் சொல்வார்கள். கரையில் முகலாயர் தோட்டம் ஒன்றின் இடிபாடு. தண்ணீரில் பாதி முழுகிய சின்னக் கல்கோயில், கூம்புக் கூரை மட்டும் பனித்தொப்பி போட்டுக்கொண்டு நின்றது. எதிர்க்கரை மலையின் தோள் வளைவைப் பார்த்ததும் எங்கேயோ பார்த்த உணர்வு. ஜஹாங்கீர் கூடத்துப் படத்தில் இருந்த அதே வளைவு என்றுதான் நினைக்கிறேன். அங்கே ஏற்கெனவே ஒருவர் முக்காலி போட்டு நின்றார். பெங்களூரிலிருந்து வந்த இளைஞர், கையுறையின் விரல் நுனிகளை மட்டும் வெட்டிவிட்டிருந்தார். லென்ஸின் முன்னால் வெல்டிங் கண்ணாடி போல ஒரு கறுப்பு ஃபில்டர்.

“சார், நாலு நிமிஷம் திறந்து வைப்பேன்,” என்றார். “அலை எல்லாம் சராசரியாகிக் கண்ணாடி மாதிரி வரும்.”

அவர் பொத்தானை அமுக்கிய பிறகு எங்களுக்கு நேர் எதிரே ஒரு படகு போனது. முனையில் ஓர் ஆள், நடுவில் குவியலாக ஏதோ. துடுப்புப் போட்டுக்கொண்டு இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நிதானமாகப் போனான். “படகு விழுந்துவிட்டதே, மறுபடி எடுப்பீர்களா?” என்றேன். சிரித்தார். நாலு நிமிஷம் முடிந்ததும் திரையைக் காட்டினார். படகும் இல்லை, ஆளும் இல்லை. நின்ற இடத்தில் நிற்காத எதுவும் அந்தக் கண்ணாடிக்குள் பதியாது. 1838இல் தாகேர் பாரீஸின் நெரிசலான சாலை ஒன்றைப் படமெடுத்தபோதும் இதுதான் நடந்தது. வண்டி, குதிரை, ஜனம் எல்லாம் மறைந்துபோய், பாலிஷ் போட்டுக்கொள்ள ஒரு காலைத் தூக்கி வைத்து நின்றவரும், போடுகிறவரும் மட்டும் பதிந்தார்கள். உலகத்தில் முதன்முதலாகப் புகைப்படத்தில் விழுந்த மனிதர்கள் இவர்கள் என்கிறார்கள். குர்லா ஸ்டேஷனில் பாலிஷ் பெட்டியைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இது எனக்கு ஞாபகம் வரும்.

இளைஞர் நல்லவர். பிளாஸ்கிலிருந்து தேநீர் ஊற்றிக்கொடுத்தார். கேமராவை ஏன் வலப்பக்கம் திருப்பவில்லை என்று கேட்டேன். “அங்கே மலை அசிங்கமாக இருக்கிறது சார்” என்றார். வலப்பக்கக் கரையில் இருப்பது கொண்டபல் என்ற ஊர். அங்கே மலை சுண்ணாம்புக்கல். தலைமுறை தலைமுறையாக வெட்டிச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்கிப் படகில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். ஸ்ரீநகரின் பழைய கட்டடங்களில் பூசிய சுண்ணாம்பில் இந்த ஏரிக்கரைச் சரக்குக் கணிசம். மலையின் அடிவயிற்றில் வெட்டிய வடு பனியையும் மீறித் தெரிந்தது. சுனாபட்டிக்காரனுக்குக் காளவாசலைப் பார்த்தால் கால் தானாக அந்தப் பக்கம் போகும். எங்கள் பேட்டையும் ஒரு காலத்தில் சுண்ணாம்புக் காளவாசல்கள் புகைந்த இடம், பெயரே அதிலிருந்து வந்ததுதான். எங்களிடம் இப்போது ஒரு காளவாசலும் இல்லை. சுதேசி மில் கூட மூடிவிட்டது. கொண்டபலில் கரையோரமாக நடந்து பார்த்தேன். கல்லை அடுக்கி வட்டமாகக் கட்டிய சூளை ஒன்று வாய் இடிந்து கிடந்தது. உள்சுவர் தீயில் உருகிக் கண்ணாடி பூத்து மினுமினுத்தது. சுண்ணாம்புக்கல் சுண்ணாம்பாக மாறத் தொள்ளாயிரம் டிகிரி சூடு வேண்டும். அவ்வளவு நெருப்பு எரிந்த கரையை ஒட்டித்தான் அந்தக் குளிர்ந்த படம்.

நாலு நிமிஷத்தில் காணாமல் போன படகு அந்தக் கரையில் கட்டியிருந்தது. குவியல் தாமரைத் தண்டு. நத்ரு என்கிறார்கள். ஏரியில் தாமரை பூக்கும் கோடையில் யாரும் அதைத் தொடுவதில்லை. இலை கருகி விழுந்து தண்டு சேற்றில் முற்றிய பிறகு குளிர்காலத்தில்தான் எடுப்பது. இரண்டு ஆள் நீளக் கழி, நுனியில் கொக்கி. படகு முனையில் நின்று கழியைச் சேற்றில் இறக்கித் துழாவி, கொக்கியில் மாட்டியதும் சட்டென்று இழுக்காமல் மெல்லச் சுழற்றி எடுக்கிறார்கள். ஏன் என்று கேட்டதற்கு அந்த ஆள் ஒரு தண்டை உடைத்துக் காட்டினார். உள்ளே நீளவாக்கில் ஓட்டைகள். கணு உடையாமல் இரண்டு முனையும் மூடியிருந்தால் ஓட்டை சுத்தமாக இருக்கும். உடைந்தால் சேறு உள்ளே போய்விடும். எத்தனை கழுவினாலும் போகாது, பல்லில் நறநறக்கும், விலை பாதி. அவர் விரல்கள் வெந்தது போலச் சிவந்து உப்பியிருந்தன. கழியை வைத்ததும் படகின் அடியில் இருந்த காங்கிரியில் கையைக் கவிழ்த்துக்கொண்டார்.

படம் எடுக்கட்டுமா என்றேன். “படம் நிறையப் பேர் எடுக்கிறார்கள், சாஹிப். கட்டு வாங்கிக்கொள்ளுங்கள்” என்றார். வாங்கினேன். எங்கள் செம்பூர் கேம்ப் சிந்திக் கடைகளில் இதையே ‘பீ’ என்று விற்பார்கள், என்ன விலை என்று சொன்னதும் உட்கார்ந்திருந்தவர் எழுந்து நின்றுவிட்டார். சிந்திகளுக்கு இதெல்லாம் தெரியுமா, அங்கே எப்படி வருகிறது, லாரியிலா விமானத்திலா என்று கேள்வி மேல் கேள்வி. இரவு வீட்டுக்கார அம்மா அதைத் தயிரில் கொதிக்கவைத்து யக்னி செய்தார். சேறு நறநறக்கவில்லை.

ஊலர் ஏரி அங்கிருந்து மேற்கே. ஆசியாவின் பெரிய நன்னீர் ஏரிகளில் ஒன்று என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை நம்பிப் போனால் ஏமாற்றமாக இருக்கும். குளிர்காலத்தில் தண்ணீர் வற்றி, பாதி ஏரி சேற்று மைதானம். வாட்லபில் பாபா ஷுக்ருத்தீன் தர்கா இருக்கும் குன்றில் ஏறி நின்றால் மொத்த ஏரியும் தெரியும் என்றார்கள். தெரிந்தது மூடுபனி. நடுவில் கொஞ்சம் தகரம் போல வெளிச்சம். சேற்றில் குனிந்து நிற்கும் சிறு புள்ளிகள், மனிதர்கள். 1992 வெள்ளம் கொண்டுவந்து கொட்டிய வண்டலில் இங்கே தாமரை மொத்தமும் புதைந்துபோனது. வண்டலை வாரி எடுத்த பிறகு 2025 கோடையில்தான் மறுபடி பூத்தது. விறகுக்காக ஏரிக்குள்ளேயே வில்லோ மரம் நட்டுக் காடாக்கி வைத்திருந்தார்கள். அதில் இருபது லட்சத்துக்கும் மேல் வெட்ட வேண்டும் என்று திட்டம் போட்டு வெட்டிவருகிறார்கள். ஆக, யாரும் தொடாத இயற்கை என்று சுவரில் மாட்டக்கூடிய எதையும் ஊலரில் நான் பார்க்கவில்லை. நட்டது, வெட்டியது, வாரியது, நடுவில் ஒரு தீவு. அதுவும் பதினைந்தாம் நூற்றாண்டில் சுல்தான் ஜைனுல் ஆபிதீன் கல்லைக் கொட்டி உண்டாக்கியது.

மூடுபனிக்குப் பின்னால் கிழக்கே ஹரமுக் இருக்கிறது, 5,142 மீட்டர். எனக்கு அது முகம் காட்டவே இல்லை. தர்கா வாசலில் இருந்தவர் கையை நீட்டி, இன்னும் மேலே, இன்னும் மேலே என்று என் பார்வையை வானத்தின் நடுவுக்கே ஏற்றிவிட்டார். அவ்வளவு உயரத்தில் நான் தேடவே இல்லை. 1856இல் மாண்ட்கோமரி என்ற நில அளவை அதிகாரி அந்த மலைமேல் கருவியை நிறுத்தி, இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் கரகோரத்தில் இரண்டு சிகரங்களைப் பார்த்தார். நோட்டில் கோடு இழுத்து கே1, கே2 என்று குறித்துக்கொண்டார். கே1க்கு மஷர்பிரம் என்று உள்ளூர்ப் பெயர் கிடைத்துவிட்டது. கே2, உலகின் இரண்டாவது உயரமான சிகரம், நோட்டில் போட்ட குறியோடே நின்றுபோனது.

இந்த அளவையின் முதல் அடி எங்கே விழுந்தது? சென்னைப் பரங்கிமலையின் அடியில், 1802 ஏப்ரல் 10இல். லாம்டன் என்ற அளவையாளர் அங்கே சங்கிலி போட்டு அளந்த நேர்கோட்டிலிருந்து முக்கோணம் மேல் முக்கோணமாக ஏறி ஐம்பத்து நாலு வருஷத்தில் ஹரமுக் வந்து சேர்ந்திருக்கிறார்கள். வழியில் 1808இல் தஞ்சாவூரில் ஒரு கூத்து நடந்தது. சமவெளியில் உயரமான மேடு வேண்டும் என்று அரை டன் எடைத் தியோடலைட்டைப் பெரிய கோயில் மேல் கயிறு கட்டி ஏற்றினார்கள். கயிறு அறுந்து கருவி சுவரில் மோதி நெளிந்துவிட்டது. லாம்டன் அதைத் தட்டி நிமிர்த்தி மறுபடி வேலைக்கு அனுப்பினார். கயிறு பிடித்தவர்கள், ஹரமுக்கில் பனியில் கருவி தூக்கியவர்கள் பெயர்கள் எந்தச் சிகரத்துக்கும் வைக்கவில்லை. பரங்கிமலைக்காரன் ஒருத்தனாவது காஷ்மீர் வரை போயிருப்பானா என்று அந்தக் குளிரில் வெகுநேரம் யோசித்தேன்.

மதியம் சோப்பூர். ஆப்பிள் மண்டிக்குப் பேர்போன ஊர். குளிர்காலத்தில் பாதிக் கடை அடைத்திருந்தது. திறந்திருந்த கடைகளில் குளிர்பதனக் கிடங்குச் சரக்கைப் பற்றிப் பேசிக்கொண்டு தணலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். மும்பையிலிருந்து வருகிறேன் என்றதும் ஒரு வியாபாரி தள்ளி இடம் கொடுத்தார். ஒவ்வொரு வருஷமும் அறுப்பு முடிந்ததும் பணம் வசூலிக்க வாஷி பழ மார்க்கெட்டுக்கு வருவாராம். சாண்ட்ஹர்ஸ்ட் ரோட்டில் தங்குவாராம். சுனாபட்டி தெரியுமா என்றேன். “வாஷி டிரெயினில் வரும், குர்லாவுக்கு முன்னால் ஒரு கேட் இருக்குமே” என்றார். கேட்வரைக்கும் தெரிகிறது!

அவர் தலைக்கு மேல் வாஷி கமிஷன் மண்டிக்காரர் அச்சடித்துக் கொடுத்த காலண்டர் தொங்கியது. மரைன் டிரைவ், இரவு. விளக்குகள் வளைவாக ஓடி மலபார் குன்றில் முடிகின்றன. கடல் பால் போல மழமழவென்று கிடக்கிறது. நடைபாதையில் ஓர் ஆள் இல்லை, சாலையில் ஒரு வண்டி இல்லை.

“இது பொய்தானே?” என்றார்.

இல்லை, மரைன் டிரைவ்தான் என்றேன்.

“இடம் தெரியும் பாய்ஜான். நான் எத்தனை தடவை போயிருக்கிறேன். ராத்திரி இரண்டு மணிக்குக் கூட அந்தச் சுவரில் உட்கார இடம் கிடைக்காது. பக்கத்தில் ஒரு பையன் சைக்கிளில் டீ விற்பான். அவன் எங்கே?”

நீண்ட நேரம் திறந்து வைத்து எடுத்தால் நடமாடுகிறவர்கள் படத்தில் பதியமாட்டார்கள் என்று மானஸ்பல்லில் கற்ற பாடத்தைச் சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டார். சுற்றியிருந்தவர்களுக்குக் காஷ்மீரியில் விளக்கினார். அவர்களும் காலண்டரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“சரி, நடக்கிறவன் பதியமாட்டான், ஒத்துக்கொள்கிறேன்,” என்றார். “சுவரில் உட்கார்ந்திருக்கிறவன் எங்கே போனான்?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் அதற்குள் வாஷியில் டெலிசியஸ் பெட்டி இப்போது என்ன விலைக்குப் போகிறது என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்.